ஆளுக்கொரு குவளை

திங்கட்கிழமை காலை
வெல்டாவின் ரப்பர் செடித் தொட்டியில்
எலுமிச்சை நிறத்தில் ஐந்து குடைகள்.

லியெபாயா துறைமுக அலுவலகம், மூன்றாம் மாடி.
வெளியே
உறையவும் மனமில்லாமல்
ஓடவும் மனமில்லாமல்
சாம்பல் கரைத்துக் கிடக்கிறது பிப்ரவரிக் கடல்.
உள்ளே ரேடியேட்டரின் முனகல்.
யாரோ முந்தின இரவு
விரித்து வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி
மண்ணின் மேல்
ஐந்து மஞ்சள் குடைகள்.

மோட்ரிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்தார்.
செப்டம்பர் வந்தால்
சனி ஞாயிறு பைன் காட்டிலேயே கிடப்பவர்.
கூடை நிறையப் பறித்து
வெங்காயமும் பாலேடும் சேர்த்து வதக்குபவர்.
"காட்டில் என்றால் பெயர் சொல்வேன்,
இது அலுவலகம்" என்றார்.
"தின்ன மட்டும் தின்னாதீர்கள்."
அதுவரை எங்களுக்கு அந்த எண்ணமே இல்லை.

ஒரு தபால் உறைக்குள் கையை விட்டு
நான்தான் பிடுங்கினேன்.
எடையே இல்லை.
எடையில்லாததைக் குப்பையில் போட
ஏனோ கை கூசியது.

வியாழக்கிழமை எட்டு.

இங்கா லவங்கப்பட்டைப் பொடி தூவினாள்.
அறை முழுக்க
காலம் தப்பிய கிறிஸ்துமஸ் வாசனை.
அடுத்த வாரம்
தலையில் பொடியோடே எழுந்து வந்தன,
திருநீறு பூசிய பிள்ளைகள் போல.

குண்டா உறை கிழிக்கும் கத்தியால்
மேல் மண்ணைச் சுரண்டினாள்.
அடியில் வெள்ளை நூல்கள்,
தையற்காரர் அவசரமாக ஓட்டிய தையல் மாதிரி
இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு.
நாங்கள் இத்தனை நாள் பிடுங்கியதெல்லாம் காய்.
மரம் உள்ளே இருந்தது,
நூலாக.

கடைசியில் பூக்கடைக்குப் போன் செய்தோம்.
"செடியை ஒன்றும் செய்யாது.
மண்ணில் கலந்த மரத்தூளைத் தின்று வாழும்,
பாவம்" என்றாள் கடைக்காரி.
"அது கிடக்கட்டும்,
யார் இவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

காலை எட்டு மணிக்கு, நான்.
கெட்டிலில் மிஞ்சியது ஆறியதும்.
பத்து மணிக்கு இங்கா.
மதியம் குண்டா, தட்டுக் கழுவின கையோடு.
கணக்கு முடித்தபின் மோட்ரிஸ்.
இரவு, தரை துடைக்க வரும் ஜோயா கூட.
ஆளுக்கொரு குவளை.
ஆளுக்கொரு ரகசியம்.

வெல்டா நவம்பரில் ரீகா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.
மூன்று கையெழுத்து விழுந்த வாழ்த்தட்டை
இன்னும் மேஜை அறைக்குள் கிடக்கிறது.
என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று
போனை எடுக்க வராத கை
குவளையை எடுத்திருக்கிறது,
ஐந்து பேருக்கும், தினமும்.
அளவுக்கு மிஞ்சினால்,
என்று தொடங்கிய மோட்ரிஸ்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தட்டில் தேங்கியதைக் கொட்டினோம்.
விரல் இரண்டு கணு இறங்கி
ஈரம் தட்டாத வரை
சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று முடிவு.
ஊற்றாமல் இருப்பது
இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது.
பத்து மணிக்கு எழுந்துவிட்ட இங்கா
நிறைந்த குவளையோடு நடுவில் நின்று
தானே குடித்தாள்.

எஞ்சிய குடைகளைப் படமெடுத்து
வெல்டாவுக்கு அனுப்பினேன்.
வேறொன்றும் எழுதவில்லை.
மாலை பதில் வந்தது:
"நல்ல தொப்பி.
எனக்கும் ஒன்று தந்திருக்கிறார்கள். கம்பளி, நீலம்.
பிடுங்காதே.
இன்று எத்தனை என்று தினமும் சொல்."

சொன்னேன்.
ஏழு.
நான்கு, ஒன்று சாய்ந்துவிட்டது.
இரண்டு. மோட்ரிஸ் உனக்கு வணக்கம் சொல்கிறார்.
ஒன்று. ஜோயாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.

இன்று வெள்ளிக்கிழமை.
மண் வெடித்துக் காய்ந்திருக்கிறது,
கடைக்காரி சொன்ன பக்குவம்.
இலைகளில் புதுப் பளபளப்பு.
பூஜ்யம் என்று தட்டினேன்.
அழித்தேன்.

எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு போகட்டும் என்று
காத்திருந்து
கெட்டிலைத் தூக்கிப் பார்த்தேன்.
அரைக் குவளை தேறும்.